படையிலிருந்து திரும்புவோருக்கும் ஒரு கைநூல் வேண்டும்

மதிப்பிற்குரிய இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணக்கிடப்படும் இசட் புள்ளி போதாமையால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்து, இராணுவத்தில் சேர்ந்து, வாகனம் திருத்தும் பணிமனையில் 12 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவன் நான். வயது 34. எங்கள் தோட்டத்தில் படைக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போய்வந்து படித்தவர் ஒருவருமில்லை என்பதால், வழி கேட்கவும் ஆளில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்காக நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைநூலை முழுவதும் வாசித்தேன். திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற ஒழுங்கையும், அந்த மாவட்டங்களுள் நுவரெலியாவும் பதுளையும் இருப்பதையும் அறிவேன். ஆனால் அது அந்தந்த ஆண்டின் உயர்தரப் பெறுபேற்றுக்கானது. என் பழைய பெறுபேற்றுக்கு அதில் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பாடசாலைப் பிள்ளைகளின் இடத்தைக் கேட்டு இதை எழுதவில்லை.

எனக்கென்று இருக்கும் வழிகளை நானே தேட வேண்டியிருந்தது. திறந்த பல்கலைக்கழகம் 18 வயது நிரம்பியவர்களுக்கு உயர்தரச் சித்தி இல்லாமலே ஆரம்பக் கற்கைகளைத் தருகிறது; ஆனால் எந்தப் பாடத்தின் நேரடி வகுப்பும் பரீட்சையும் எந்த ஊரில், எந்த மொழியில் நடக்கும் என்பதே என்னைப் போன்றவரின் தெரிவைத் தீர்மானிக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து ஹற்றனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். வகுப்புக்குப் போனால் அன்றைய நாட்சம்பளம் இல்லை. இராணுவத்தில் சிங்களம் பேசப் பழகினேன், எனினும் பரீட்சை எழுத எனக்குத் தமிழே கைகொடுக்கும்.

வகுப்பறையில் கற்காத தொழிலறிவையும் சோதித்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு என்பதையும், அதில் ஐந்தாம் அல்லது ஆறாம் மட்டத்தை எட்டியவர் இரத்மலானையிலுள்ள, யுனிவோடெக் எனப்படும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும், ஹற்றனில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் எஞ்சின் பிரித்துப் பூட்டிய எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

அதற்கு முன்பே, பட்டப்படிப்பு நடத்தும் நகரத்துத் தனியார் நிறுவனமொன்றில் ஏமாந்துவிட்டேன். சிங்களத்தில் மட்டுமே இருந்த என் சேவைச் சான்றிதழைக் கருமபீடத்திலிருந்தவர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது போதும் தம்பி, முதலாம் ஆண்டைக் கழித்துவிடலாம்” என்றார். பணிக்கொடையிலிருந்து பதிவுப்பணம் கட்டினேன். அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பிறகு கேட்டபோது, ஒரு கடிதத்தைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. பற்றுச்சீட்டை அம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

ஆகவே, சேவையை முடித்து வருவோருக்கும் வயது கடந்து படிக்க வருவோருக்குமாகத் தமிழில் தனிக் கைநூலொன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யுனிவோடெக்கும் தொழிற்றகைமையும் உங்கள் நேரடிப் பொறுப்பில் இல்லை என்பதை அறிவேன். எனினும் அவற்றின் விபரமும் அதே நூலில் இருந்தால்தான் மூன்று அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிராது. வகுப்பு நடக்கும் ஊர், கிழமை, மொழி, மொத்தச் செலவு, சேவைக்காலப் பயிற்சிக்குள்ள மதிப்பு, அங்கீகாரத்தைச் சரிபார்க்கும் முறை ஆகியன அதில் தெளிவாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் ஹற்றனில் அமர்ந்து சந்தேகம் தீர்ப்பாரானால் பெரும் உதவி.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் இந்த ஆண்டு இறுதியில் சேவையை முடித்து வருகிறார். அவர் பணிக்கொடையில் கைவைக்கு முன்னர் அந்த நூல் அவரிடம் சேர ஆவன செய்யுமாறு தயவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பொகவந்தலாவையிலிருந்து முன்னாள் படைவீரர் ஒருவர்