நாலேகால் மணி நேரப் பயணம், டிக்கெட்டில் ஏன் ஆறேமுக்கால்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா நம் கடைக்கு வந்தார். ஒரு மகன் துபாயில், இன்னொரு மகன் சிங்கப்பூரில். கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் பார்த்தவர், "சிங்கப்பூர் அவ்வளவு தூரமாப்பா? எனக்கு சுகர் இருக்கு, தாங்காது. துபாய்க்கே போடு" என்றார். ஒரு மகனைப் பார்க்காமல் இருக்க அதுவா காரணம் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மேசையில் இருக்கும் உலக உருண்டையை எடுத்து நூல் பிடித்துக் காட்டினேன். சென்னையிலிருந்து துபாய் வரை இழுத்த நூலை அப்படியே சிங்கப்பூர் பக்கம் திருப்பினால், அதே நூல் போதுகிறது. இரண்டுமே சுமார் 2,900 கிலோமீட்டர்தான். சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்கே போகப் போக ஊர்கள் இழுபட்டுவிடும்.

அப்புறம் ஏன் நேரம் வேறு? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், நமக்கு மதியம் 2.15. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, அங்கே 12.45. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே, அங்கே மாலை 4.45; டிக்கெட்டில் ஆறேமுக்கால் மணி நேரம் போலத் தெரிவது இதனால்தான். இருக்கையில் உட்கார்ந்திருப்பது இரண்டிலும் அதே நாலேகால்தான். இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

தூரம் ஒன்றானாலும் காற்று நேரத்தை மாற்றும். காசிமேட்டில் படகு ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று கூட வந்தால் டீசல் மிச்சம், எதிரே நின்றால் கரை தள்ளிக்கொண்டே போகும். விமானிகளும் அவர்கள் சொல்லும் கடல் மைலில்தான் தூரம் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று ஓடுவதால், லண்டன் போவதைவிட லண்டனிலிருந்து திரும்புவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டு, கிழக்குப் பக்கமாக பசிபிக் வழியாக அனுப்பியது. சுமார் 15,300 கிலோமீட்டர், பழைய வழியைவிட ஆயிரத்துக்கு மேல் அதிகம். ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே.

தூரத்தை வேகத்தால் வகுத்தாலும் சரியான நேரம் வராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் கழித்து வந்து அழுதுகொண்டு திரும்பிய குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். விம்கோ நகரிலிருந்து நேராக மெட்ரோ இருக்கிறது, ஆனால் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்திலிருந்து எல்லா டிக்கெட் பிரிண்டிலும் மூன்று விஷயத்தை நீல மையில் எழுதித் தருகிறோம்: நம் வீட்டுக் கடிகாரப்படி இறங்கும் நேரம், மொத்தப் பயண மணி, வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நாள். வேறு இடத்தில் டிக்கெட் எடுத்திருந்தாலும் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். அந்த அம்மாவுக்கு இரண்டு ஊருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. முதலில் சிங்கப்பூர்.

அன்புடன்,
எம்.சி. ரோடு டிக்கெட் கடையிலிருந்து
பழைய வண்ணாரப்பேட்டை