ட்ரோனுக்கு அல்ல, பறக்கவிடுபவருக்குப் பதிவு எண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ட்ரோன் என்றதும் கல்யாண வீடியோவும் வயலில் மருந்து அடிப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தெர்மாகோலையும் ஃபோம் ஷீட்டையும் வெட்டி, மோட்டாரை நாமே சால்டர் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் பறக்கவிடுகிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. நான் அதில் ஒருவன்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், அதே ஆண்டு மார்ச்சில் வந்தவற்றைவிட எவ்வளவோ மேல். பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்கு மட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கிறவற்றை 'மாடல்' என்று தனியாகப் பிரித்து, டைப் சர்டிபிகேட் எனும் மாடல்வாரித் தரச் சான்றிலிருந்து விலக்கும் தந்திருக்கிறார்கள். விதியை எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியாமல் இல்லை.

ஆனால் பதிவு என்று வரும்போது எங்களை மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வாங்க வேண்டும். அந்த எண், தயாரிப்பாளர் தந்த வரிசை எண்ணோடும், ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளையாக இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு), ரிமோட் இரண்டின் வரிசை எண்களோடும் இணைந்திருக்க வேண்டும். கடையில் பெட்டியோடு வாங்கும் ட்ரோனுக்கு இது சரி. வீட்டில் செய்கிறவனுக்குத் தயாரிப்பாளர் அவனேதான். ஆன்லைனில் வரும் பல போர்டுகளில் வரிசை எண்ணே அச்சாகியிருக்காது. ஒரே ரிமோட்டில் ஐந்தாறு விமானங்களை ஓட்டுகிறோம். நான்கு விசிறி வைத்த குவாட்காப்டர் விழுந்து அதன் கை உடைந்தால், அதிலிருந்த ஃப்ளைட் கன்ட்ரோலர் அடுத்த வாரம் ஃபோம் விமானத்தில் இருக்கும். அப்புறம் ஃபிரேமை மாற்றுவோம், மோட்டாரை மாற்றுவோம். சில மாதம் கழித்து, முதலில் பதிவு செய்த ட்ரோன் என்று எதைக் காட்டுவது? ஒவ்வொரு மாற்றத்தையும் அரசின் பதிவு இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால் பறக்கவிட நேரம் ஏது?

விளைவு, நேர்மையாகப் பதிவு செய்ய நினைக்கிறவர்களும் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தெரிந்ததும் பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்தை அரசே கொண்டுவந்தது. அந்த ட்ரோன்கள் பழுதானால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், இப்படி வீட்டு மேசையில் கைசுட்டுக் கற்ற பிள்ளைகளிலிருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவில் 2015 டிசம்பரிலேயே பதிவு வந்துவிட்டது. அங்கே பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர் 5 டாலர் கட்டினால் மூன்று ஆண்டுக்கு ஒரே எண். தன்னிடம் உள்ள எல்லா ட்ரோனிலும் அதையே ஒட்டிக்கொள்ளலாம். பிரிட்டனிலும் உரிமையாளருக்கு ஒரே எண்தான். ட்ரோன் யார் வீட்டு மாடியில் விழுந்தாலும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க அது போதும். போலீஸுக்கு வேண்டியதும் அதுதானே?

பாதுகாப்பில் சலுகை கேட்கவில்லை. கோவையில் பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் தேடி ஊரைத் தாண்டிப் போய்த்தான் பறக்கவிடுகிறோம். 120 மீட்டர் உயர வரம்பும் அப்படியே இருக்கட்டும்.

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. அந்தச் சட்டத்திலோ இப்போதைய விதிகளிலோ, 'மாடல்' பிரிவுக்கு மட்டுமாவது ஆளுக்கு ஓர் எண் என்று மாற்ற வேண்டும். உங்கள் இதழும் இதை எடுத்து எழுதினால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை