மலாவி வேதாகமப் பள்ளிக் கட்டட வேலை: சபையாருக்கு நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

மலாவி நாட்டின் தெற்கே, பலோம்பே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், நாம் தாங்கிவரும் ஊழியர் தம்பதி நடத்தும் வேதாகமப் பள்ளிக்கான கட்டடம் 2024 ஜூன் மாதம் ஜெபத்தோடு திறக்கப்பட்டது. வகுப்பறை இரண்டு, தங்கும் அறை ஆறு, சமையல் கொட்டகை ஒன்று. அஸ்திவாரம், சுவர், தரை, கைப்பம்பு எல்லாம் சொன்ன தொகைக்குள் முடிந்துவிட்டன. 31 லட்சம் ரூபாய் என்று சொல்லி 37 லட்சத்து 60 ஆயிரம் செலவானது ஏன் என்பதுதான் போன கூட்டத்தில் எழுந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கேள்வி. மண்கட்டிச் சுவர் போதாதா, சிமெண்டும் பெல்ட் கான்கிரீட்டும் (சுவர்களைச் சுற்றிக் கட்டிப்பிடிக்கும் கான்கிரீட் பட்டை) எதற்கு என்றார்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. சுடாத மண்கட்டியால் கட்டிய வீடுகளும் ஜெபவீடுகளும் ஊறிச் சரிந்தன. மனிதர் படித்துத் தூங்கும் இடத்தை மறுபடியும் மண்கட்டியில் எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

பணம் ஏன் சபைக் கணக்கு வழியாகப் போகவில்லை என்றும் கேட்டீர்கள். அறக்கட்டளைப் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் வருமானவரி விலக்கு கிடைக்காது. அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் நேராக அனுப்பினார்கள். இங்கிருந்து கொடுத்தவர்களும் தங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பினார்கள். ஒவ்வொரு சீட்டின் நகலும் என்னிடம் இருக்கிறது.

இனி கூரை விஷயம்.

பெல்ட் கான்கிரீட்டையும் கூரையையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக 2023 செப்டம்பரில் ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று பேரிடம் விலை கேட்டு, நடுத்தரமாகச் சொன்னவரைத் தேர்ந்துகொண்டோம். 60 சதவீதம் முன்பணம் கொடுத்தோம். மீதித் தொகையையும் அப்போதே மலாவி நாணயமான குவாச்சாவாக மாற்றி அங்குள்ள வங்கியில் போட்டுவைத்தோம். இது எங்கள் தவறு. இதை மறைக்க விரும்பவில்லை. நவம்பர் 8ஆம் தேதி மலாவி ரிசர்வ் வங்கி நாணய மதிப்பைக் குறைத்தது. முந்தின நாள் ஒரு டாலர் 1,180 குவாச்சா, மறுநாள் 1,700. வங்கியில் இருந்த நம் பணம் டாலர் கணக்கில் ஏறத்தாழ 30 சதவீதம் கரைந்துபோனது. 'டாலர் ஏறினால் நமக்கு லாபம்தானே' என்று சில அண்ணன்மார் கேட்டார்கள். மாற்றாமல் வைத்திருந்தால் லாபம். மாற்றிவிட்ட பிறகு நஷ்டம்தான்.

இரண்டு நாளில் ஒப்பந்தக்காரர் கூடுதல் பணம் கேட்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் கூரைத் தகட்டின் விலை ஏறியது உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. பாதிக் கூடுதலை ஏற்கிறோம் என்று எழுதினோம். ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் லாரியில் வந்தது வேறு தகடு. அன்று ராத்திரி 10 மணிக்கு (அங்கே மாலை ஆறரை) ஊழியரின் மனைவி எனக்கு வீடியோ அழைப்பு போட்டார். ஊர்த் தச்சர் இரண்டு செங்கல்லின் மேல் ஒரு தகட்டைக் கிடத்தி நடுவில் உள்ளங்கையால் அமுக்கினார். தகடு பள்ளமானது, கையை எடுத்த பிறகும் நிமிரவில்லை. பேசினது 28 கேஜ், வந்தது 32. எண் கூடக் கூடத் தகடு மெலிசு என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. "அண்ணே, அடுத்த புயலுக்கு இது காகிதம் மாதிரிப் பறந்துரும்" என்றார் அந்தத் தங்கச்சி. மழை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சுவர்களைக் கருப்புத் தாளால் மூடிவைத்திருந்தார்கள்.

மறுநாள் செயற்குழு கூடி ஒப்பந்தத்தை முறித்தது. அவசரப்பட்டோம் என்பவர்கள் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். வழக்குப் போடாதது ஏன்? வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அந்நிய நாட்டில் அரசு அனுமதியில் தங்கியிருக்கும் இரண்டு பேரை அதற்காக நீதிமன்றத்துக்கு அலையவைக்க எங்களுக்கு விருப்பமில்லை. நிலம் தந்த ஊர்த் தலைவரின் பஞ்சாயத்துக்குப் போனோம். முதல் தவணைக்கு ஒப்பந்தக்காரர் வரவில்லை. இரண்டாம் தவணைக்கு வந்து, இறக்கியிருந்த மரத்தை விட்டுத்தருவதாகச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. கூரையில் நமக்குக் கூடுதலானது 4 லட்சத்து 10 ஆயிரம்.

அந்தப் பஞ்சாயத்தில்தான் இன்னொன்று வெளியே வந்தது. மணலும் ஜல்லியும் சுமந்து பெல்ட் கான்கிரீட் போட்ட 23 பேருக்கு ஏழு வாரக் கூலியை அவர் கொடுக்கவே இல்லை. எல்லாரும் அந்தக் கிராமத்து ஆட்கள். பாதிப் பேர் பள்ளியில் சேரப் பெயர் கொடுத்தவர்களின் அண்ணன் தம்பிமார். சட்டப்படி நாம் கடன்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் 1 லட்சத்து 15 ஆயிரம் கொடுத்தோம். பொதுக்கூட்டத்தைக் கேட்காமல் கொடுத்தீர்களே என்ற குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். விதைப்பு நாளில் விதைக்கும் உரத்துக்கும் காசில்லாமல் நின்றவர்களிடம், எங்கள் கூட்டம் ஜனவரியில்தான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வேலைக்காரரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை நாம் எல்லாரும் வாசித்திருக்கிறோம். அந்தக் கூலியைப் பிடித்துவைத்த சுவருக்குள் எந்த வேதத்தைப் படிப்பிப்பது?

பிறகு தகட்டை நாமே பிளாண்டயர் நகரிலிருந்து வாங்கினோம். கூரை போட்டது அதே 23 பேரும் அந்தத் தச்சரும். படிக்காத ஆட்களை நம்பலாமா என்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே பிளாண்டயரில் தூய மிகாவேல் ஆலயத்தை 1888 முதல் 1891 வரை மிஷனரி ஸ்காட் ஐயர் கட்டினார். அவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல. செங்கல் அறுத்ததும் சுவர் எழுப்பியதும் உள்ளூர் ஆட்கள். அது இன்றும் நிற்கிறது. நம் கூரை 2024 ஜனவரி கடைசியில் முடிந்தது.

கூடுதல் செலவில் மிச்சமுள்ள 1 லட்சத்து 35 ஆயிரம் மக்காச்சோளத்துக்கு. அங்கே மாணவர்கள் எல்லாம் விவசாயிகள். அறுப்பு முடிந்து, தங்கள் சாப்பாட்டுக்குச் சோளம் கட்டிக்கொண்டு வந்து படித்து, விதைப்புக்குத் திரும்புவார்கள். ஃபீஸ் அந்தச் சோளமும் ஒரு போர்வையும்தான். 2024இல் மழை பொய்த்தது. மார்ச்சில் நாட்டின் 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலை அறிவித்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் நாம் சோளம் வாங்கிப் போட்டோம்.

கொடுத்தவர்களை நினைக்காமல் முடிக்கக்கூடாது. பெயர்ப்பட்டியல் முழுவதும் ஆலயத் தாழ்வாரப் பலகையில் இருக்கிறது. கைப்பிடி அரிசி விற்றுக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கம். அசன விருந்தில் மிஞ்சிய பணத்தைத் தந்த மேலத்தெருவார். கத்தாரிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பிய மூன்று தம்பிமார். உண்டியலோடு வந்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். முதல் பென்ஷனை அப்படியே கொடுத்த ஆசிரியை அம்மா. பெயர் போடவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்ட பீடித் தொழிலாளி அக்கா. கூரைக் குறையைக் கேள்விப்பட்டுத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்த மருமகள் ஒருத்தி.

இந்த ஒரு வருஷத்தில் நான் சரியாய்த் தூங்கிய ராத்திரி குறைவு. அடுத்த தவணைக்குச் செயலாளராக என் பெயரைச் சொல்லவேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை பார்த்த இரு மூப்பரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். கூலி ரசீது 23ம் தனி உறையில் இருக்கின்றன. பதினான்கில் கையெழுத்து, ஒன்பதில் நீல மைக் கைநாட்டு, சிலவற்றில் சிமெண்டுத் தூளும் ஒட்டியிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்