அவன் கேட்டானே, நீ ஏன் சொல்லவில்லை?

அன்புள்ள ராஜாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நலம். சைதாப்பேட்டையில் வெயில் குறைந்திருக்கிறது, கொசு குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

உன் அறை நண்பனுடைய அப்பா இறந்துபோய், அவன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு ஒரு ராத்திரி உன்னிடம் கேட்டிருக்கிறான்: "நீ தினமும் ஜெபம் பண்ணுறியே, செத்ததுக்கு அப்புறம் என்னன்னு நீங்க நம்புறீங்க?" நீ "அது பெரிய விஷயம், இன்னொரு நாள் பேசலாம்" என்று சொல்லி லைட்டை அணைத்துவிட்டாய். அப்புறம் உனக்கே தூக்கம் வரவில்லை. என்னிடம் கேட்டாய்: "என் வாழ்க்கையே சாட்சியா இருந்தா போதாதாம்மா? வாயைத் திறந்தா, மதம் மாத்த வந்தவன்னு அவன் நினைக்க மாட்டானா?"

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். வாழ்க்கை சாட்சியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாமல் வாய் மட்டும் பேசுகிறவர்களால்தான் நமக்கு இத்தனை கெட்ட பெயர். ஆனால் யோசித்துப் பார் ஐயா, உன் வாழ்க்கையைப் பார்த்ததால்தான் அவன் கேட்டான். கேட்டுவிட்ட பிறகு வாழ்க்கை பதில் சொல்லாது, நீதான் சொல்ல வேண்டும். நீ குடிப்பதில்லை, வாடகையைச் சரியாகக் கொடுக்கிறாய், அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாய். இதிலிருந்து நீ நல்ல பையன் என்று அவனுக்குத் தெரியும். நீ நல்லவன் என்பது சுவிசேஷம் இல்லையே. இயேசு நமக்காக மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், அதனால் மரணத்துக்கு நம்மேல் கடைசி அதிகாரம் இல்லை என்பது சுவிசேஷம். அதை உன் முகத்தைப் பார்த்து அவன் கண்டுபிடிக்க முடியாது.

ஞாயிறு பள்ளியில் நீ மனப்பாடம் செய்த வசனம்தான், இயேசுவின் சீஷர் பேதுரு எழுதியது: நம்மிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." கேட்காதவனைப் பிடித்து உலுக்கச் சொல்லவில்லை. கேட்கிறவனுக்குச் சொல், அதையும் சாந்தமாகச் சொல், அவனுக்குரிய மரியாதையோடு சொல். உன் நண்பன் வந்து கேட்டான். உன் வாசலிலேயே வந்து நின்று கேட்டவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

2019 கோடையில் நம் தெரு தண்ணீருக்குத் தவித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். லாரி எந்த முனையில் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டவள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் தன் குடத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் அவளை என்ன சொல்லுவோம்? பைபிளில் வருகிற சமாரியா பட்டணத்து முற்றுகையின்போது சாப்பாட்டைக் கண்டுபிடித்த நான்கு குஷ்டரோகிகளும் இதைத்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "நாம் செய்கிறது நியாயமல்ல; இந்நாள் நற்செய்தி அறிவிக்கும் நாள்" என்றார்கள். அவர்கள் ஊருக்குள்ளே சேர்க்கப்படாதவர்கள். அவர்கள்தான் ஊருக்குச் சொல்லப் போனார்கள்.

இனி உன் பயம். அது நியாயமான பயம், நான் தள்ளிவிடவில்லை. நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்தப் "பரப்ப" என்ற சொல் இருக்க வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பெரிய விவாதமே நடந்தது. இருக்கட்டும் என்று பேசியவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் ஏறத்தாழ 14 வருடம் படித்திருக்கிறேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் அங்கே சொன்னார். வரலாற்று டீச்சராக நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும். யாரோ பெயர் தெரியாத ஆசிரியர்கள் அவரை மரியாதையாக நடத்தியிருக்கிறார்கள், அந்த மரியாதை பிற்பாடு அந்த நிர்ணய சபையிலே நமக்காகப் பேசியது.

1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நம் சபைகளில் பலருக்கு வருத்தம் உண்டு. சட்டப் பேச்சை வக்கீல்களுக்கு விடுகிறேன். ஆனால் மனுஷனை மாற்றுவது நம் கையில் இல்லை என்று அப்போஸ்தலன் பவுல் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே சொல்லிவிட்டார்: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." சொல்வது உன் பங்கு. ஏற்பதும் மறுப்பதும் அவன் சுதந்தரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும், ஏனென்றால் நீ அவனிடம் எதையும் ஜெயிக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி சீகன்பால்குவைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு பகுதியைச் சொன்னதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை, உன்னைவிடச் சின்னவர். பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதோடுகூட அவர் தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு அந்தப் பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். அதைப் படித்த ஜெர்மனியில் ஹாலே நகரத்து மிஷன் பெரியவர்கள், உன்னை அனுப்பியது இதற்கல்ல என்று அச்சுப்போட மறுத்துவிட்டார்கள். கடைசியில் அது 1867-ல் நம் சென்னையில்தான் அச்சானது. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது, அந்தக் காலத்து ஐரோப்பியர் பார்வை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சொல்ல வந்தவர் முதலில் கேட்டார் பார், அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீயும் முதலில் கேள். அவன் வீட்டில் என்னென்ன சடங்கு செய்தார்கள், அவன் அம்மா எப்படி இருக்கிறார், அவனுக்கு எது தாங்க முடியவில்லை, எல்லாம் கேள். அவன் பேசி முடிக்கட்டும்.

பாட்டி சமைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவதைப் பார்த்திருக்கிறாய். திருநெல்வேலிப் பெண்கள் அப்படிச் சேர்த்த கைப்பிடி அரிசி மிஷனெரி ஊழியத்துக்குப் போனது. 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கம் வெள்ளைக்காரர் பணத்தில் நடந்தது அல்ல, நம் ஆட்களின் காணிக்கையில் நடந்தது. அதைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. அப்புறம் அவரே தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912-ல் அங்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. மேடையில் அசரியா எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஒரு வாக்கியம் என்னை இன்னும் விடவில்லை. மிஷனெரிக்கும் விசுவாசிக்கும் நடுவில் மேசை இருந்தது, பணம் இருந்தது, அதிகாரம் இருந்தது. நட்பு குறைவாக இருந்தது. உனக்கும் உன் நண்பனுக்கும் நடுவில் மேசை இல்லை. ஒரே அறை, ஒரே அடுப்பு. அசரியா கேட்டது உன்னிடம் தயாராக இருக்கிறது.

2015 டிசம்பரில் அடையாறு கரையை மீறினபோது நம் சபையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினோம், நீயும் கட்டினாய். பொட்டலத்தோடு இயேசுவைப் பற்றிய கைப்பிரதி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், வேண்டாம் என்று பெண்கள் சங்கத்தில் முடிவு செய்தோம். பசியோடு கை நீட்டுகிறவரால் கைப்பிரதியை மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பது சுவிசேஷம் ஆகாது என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பல மாதம் கழித்து ஆற்றோரத்திலிருந்து ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார், "எங்களை யாருன்னே தெரியாதே, ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டார். அப்போது சொன்னேன். முழுதாகவே சொன்னேன், இயேசுவின் பெயரை மறைக்காமல். அவர் இன்றைக்கும் தன் கோயிலுக்குப் போகிறார். மகளுக்குப் பரீட்சை என்றால் ஜெபம் பண்ணச் சொல்லி வீட்டுக்கு வருகிறார். நான் அவருக்காக ஜெபிப்பதை நிறுத்தவில்லை, அவர் என் சிநேகிதியாக இருப்பதற்கு நிபந்தனையும் வைக்கவில்லை.

எபேசுவில் பவுல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரசங்கித்தார். ஊரே திரண்டு கலகம் பண்ணினபோது, அந்த நகரத்தின் அதிகாரியே, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று சாட்சி சொன்னார், அப்போஸ்தலர் 19-ல் பார். அத்தனை காலம் பேசியும் இழிவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு ஆளே சொல்கிறார். ஸ்பீக்கர் வைத்து மற்றவர்கள் சாமியைத் திட்டுகிற பிரசங்கியார்களைப் பார்த்துத்தான் உனக்கு இந்தக் கூச்சமே வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் செய்வது தப்பு. அதற்காக நீ ஊமையாகிவிடாதே.

நீ இருக்கிற மராத்தி நாட்டிலேயே ஒருவர் இருந்தார், நாராயண் வாமன் திலக் என்ற கவிஞர், பிராமண குடும்பம். ரயிலில் கூட வந்த ஒரு வெள்ளைக்காரர் அவரிடம் மரியாதையாகப் பேசிவிட்டு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். திலக் படித்தார், மலைப்பிரசங்கத்தில் நின்றுவிட்டார், 1895-ல் ஞானஸ்நானம் எடுத்தார். அதனால் அவர் வீட்டில் வந்த துக்கம் சின்னதல்ல, மனைவி லக்ஷ்மிபாயே சில வருடம் பிரிந்திருந்தார், பிறகுதான் அவரும் விசுவாசத்துக்கு வந்தார். அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயம் ஒருவன் வாழ்க்கையைத் தொடும்போது லேசாகத் தொடாது. அதனால்தான் சாந்தம் வேண்டும் என்கிறேன்.

சரி, என்ன சொல்வது? அவன் மரணத்தைப் பற்றிக் கேட்டான், அதற்கே பதில் சொல். பாட்டி அடக்கத்தன்று நாம் அழுதோம், பாட்டும் பாடினோம். ஏன் பாடினோம் என்று சொல். நம் சின்னமலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நீ, அங்கே இயேசுவின் சீஷர் தோமா வந்து தங்கினார் என்று பாரம்பரியம் சொல்கிறது. காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதமாக நின்ற அதே தோமா. உயிர்த்தெழுதலை நம்புவது எல்லாருக்கும் சுலபமில்லை என்று அவன் சொன்னால் அந்தத் தோமாவைப் பற்றிச் சொல், அவரை இயேசு விரட்டவில்லை, கையைக் காட்டினார். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்.

ஒன்றில் மட்டும் கவனம். "அப்ப எங்க அப்பா எங்க இருக்கார்?" என்று அவன் கேட்கலாம். அதற்குத் தீர்ப்புச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்டார், அந்த நியாயாதிபதி அன்புள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் நான் சொல்ல முடியாது என்று சொல். துக்கத்தில் இருக்கிற பையனை நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதே. அவன் விரும்பினால் அவனோடு சேர்ந்து ஜெபம் பண்ணு, விரும்பவில்லை என்றால் நீ தனியாக ஜெபம் பண்ணிக்கொள். யோவான் சுவிசேஷத்தை மராத்தியில் வாங்கி வை, கேட்டால் கொடு.

இந்த வாரமே பேசு, தள்ளிப்போடாதே. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல, இப்ப சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு டீ போட்டுக் கொடு. டிசம்பரில் அவனுக்கு லீவு கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா, அவன் அம்மாவும் வந்தால் நல்லது, தனியாக இருப்பார்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, வீட்டில் இருந்தாலே போதும். அவர்கள் அசைவம் சாப்பிடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா