6174 மர்ம எண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் 6174 பற்றி வந்த துணுக்கைப் படித்தேன். எந்த நான்கு இலக்க எண்ணை எடுத்தாலும் இந்த ‘மர்ம எண்’ணில்தான் போய் நிற்கும், காரணம் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை.

இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். விடையை வைத்து மறுபடியும் அதே வேலை. அதிகபட்சம் ஏழு தடவையில் 6174 வந்துவிடும். ஆனால் 2222 போல எல்லாம் ஒரே இலக்கமாக இருந்தால் முதலிலேயே பூஜ்யம்தான். 2111-ஐ எடுத்த பிள்ளையின் பாடு இன்னும் மோசம். 1112-ஐக் கழித்தால் 999. அதை 0999 என்று எழுதச் சொல்லவில்லை என்றால் அடுத்த வரியில் பூஜ்யம் வரும், ‘பத்திரிகையில தப்பா போட்டிருக்காங்க’ என்று பிள்ளை எழுந்து போய்விடும். முன்னால் பூஜ்யம் சேர்த்தால் 8991, 8082, 8532, அப்புறம் 6174.

காரணமும் தெரிந்ததுதான். இறங்கு வரிசையில் இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால், கழித்து வருவது 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ). அதாவது இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே கணக்கில் வருகின்றன. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதைத் தாண்டாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 சோடிகள். ஆயிரக்கணக்கான எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐ வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பீரியடில் சோதித்து முடிக்கலாம். அது முழு நிரூபணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் முடிகிற காரியத்தை மர்மம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

இன்னொன்று. இந்தக் குணம் நாம் எண்களைப் பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களை வைத்து, எழுதுவதால் வருவது. மூன்று இலக்கத்தில் 495 என்ற எண் இதே வேலையைச் செய்யும். இரண்டு இலக்கத்தில் 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கும் நிற்காது. ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, இப்படி இலக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் சங்கதிகள் புதிர்ப் பக்கங்களுக்குத்தான் பொருத்தம் என்று ஒதுக்கினார். கறாரான மனிதர். வகுப்பறையில் இந்தப் புதிர்கள்தான் பிள்ளைகளைக் கணக்குப் பக்கம் இழுக்கின்றன என்பது என் அனுபவம்.

எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாத குணங்களும் 6174-க்கு உண்டு, துணுக்கில் அவை ஒரு வரிகூட இல்லை. அதன் பகாக் காரணிகள் 2 × 3² × 7³. வகுத்திகள் 24. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 9426, எண்ணைவிடப் பெரியது. அதனால் இது மிகை எண். 18 + 18² + 18³ என்று கூட்டினாலும் இதே 6174 வரும்.

அந்த 18 இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும்கூட. 6174-ஐ அதால் வகுத்தால் மீதியில்லாமல் 343. இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ என்று பெயர் வைத்தவர் கப்ரேகர், நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும் குணத்தை 1949-இல் கண்டுபிடித்தவரும் அவரே. உங்கள் துணுக்கில் அவர் பெயர் இல்லை. திருத்தம் வெளியிட்டால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தஞ்சாவூர்