பாக் நீரிணையின் இரு கரைச் சுகாதாரத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இயக்குநர், பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, தமிழ்நாடு, மாகாணச் சுகாதார சேவைகள் பணிப்பாளர், வட மாகாணம், இலங்கை.

மதிப்பிற்குரியீர்,

2012 அக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா பதிவாகாத நிலையில், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மன்னாரில் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசு கண்டறியப்பட்டது. சென்னையில் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் இந்த இனம் இலங்கையில் அதற்கு முன் காணப்படாதது. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் நோய் கொசு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியதும் உறுதியானது. உடனே செயல்பட்டதால் அது அத்தோடு அடங்கியது. எனினும், 1963இல் வெறும் 17 நோயாளிகளே இருந்த தீவில் 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்த வரலாற்றை வட மாகாணத்துக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளை இரு நாடுகளும் ஏற்றுள்ளன. சந்தேகத்துக்குரிய நிகழ்வை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட்டு, பன்னாட்டு அக்கறைக்குரியதாகக்கூடும் எனத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது அவற்றின் மையமான கடமை. ஆனால், நாகப்பட்டினத்தில் காய்ச்சலோடு கப்பலேறும் ஒரு வைவாக்ஸ் (மலேரியாவின் ஒரு வகை) நோயாளிக்காக அந்த எச்சரிக்கை மணி ஒலிக்காது; ஒலிக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய நிகழ்வும் அன்று. ஆபத்தோ அந்த ஒற்றை நோயாளியிடம்தான் இருக்கிறது. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும் என்பதால், அதை அங்கேயே அழிக்கும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையை முழுதாக உட்கொண்டாரா என்பதை ஒருவர் பார்த்தாக வேண்டும். அவர் ஐந்தாம் நாளில் கடல் கடந்துவிட்டால் மீதி ஒன்பது நாளுக்குப் பொறுப்பு யாருடையது?

இதற்கான வழி அதே ஒழுங்குவிதிகளின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. அண்டை நாடுகளின் அருகருகே உள்ள பகுதிகள் சுகாதாரத் தகவலை நேரடியாகவும் விரைவாகவும் பரிமாறிக்கொள்ளவும், கடலோரப் போக்குவரத்துக்கான சுகாதார நடவடிக்கைகளை வகுக்கவும் தனி உடன்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது அது. பாக் நீரிணைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது! கையெழுத்திடும் அதிகாரம் டெல்லிக்கும் கொழும்புக்கும் உரியது என்பதை அறிவேன். ஆனால் தேவையை அறிந்து வரைவு எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்கள் யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். (அந்தக் கைதுகளின் அரசியல் இம்மடலின் பொருளன்று.) இவர்களுள் மலேரியா உறுதியானவரின் சிகிச்சை விவரம், அவருடைய ஒப்புதலோடு, இராமநாதபுரம், நாகப்பட்டினம் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும் மன்னார், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும் இடையே அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அது குடிவரவு அதிகாரிகளின் கையிலோ காவல் துறையின் கையிலோ சிக்கக் கூடாது. சிக்கினால் காய்ச்சலை மறைப்பவர்களே பெருகுவார்கள்.

துறைமுகப் பயணியர் பகுதிகளைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் தொலைவுக்கு கொசு போன்ற நோய்பரப்பிகளைக் கட்டுப்படுத்தும் திட்டம் வேண்டும் என்பதும் ஒழுங்குவிதிகளில் உள்ளதே. நாகப்பட்டினத்திலும் காங்கேசன்துறையிலும் அந்த வட்டத்துக்குள் உள்ள கிணறுகள், தொட்டிகளின் கொசுப் புழுக் கணக்கெடுப்பு முடிவுகளை இரு துறைகளும் மாதந்தோறும் ஒரே படிவத்தில் பொதுவில் வெளியிட வேண்டுகிறேன். இதற்கு எந்த உடன்பாட்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.

இப்படிக்கு,
நாகப்பட்டினக் கடலோரவாசி ஒருவர்