பி ஒரு பக்கம், ஜே ஒரு பக்கம்

காரைக்குடி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனை நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதாகத் தங்கச்சி போனில் புலம்பியது. மூன்று மணி நேரம் நின்று வாசிக்க ஆசைப்படுகிறவன் முதலில் முழங்காலைப் பார். இங்கே எல்லாரும் சுகம். பெரிய வீட்டு விஷயம்தான் இழுத்துக்கொண்டே போகிறது. பங்குக்காரர்களில் பாதிப் பேர் மலேசியாவில், மீதிப் பேர் எங்கெங்கோ. எல்லார் கையெழுத்தும் ஒன்று சேர்வதற்குள் இரண்டாங்கட்டு ஓடு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, நீ புதிதாகக் கேட்ட பேஸ் கிட்டாருக்கு வருகிறேன். கம்பியின் ஆட்டத்தைச் சத்தமாக மாற்ற அனுப்புகிற காந்தச் சுருள்தானே பிக்கப்? பிரிசிஷன் பேஸினது பி, ஜாஸ் பேஸினது ஜே. "பி பிக்கப்பும் ஜே பிக்கப்பும் சேர்ந்திருந்தால் ஒரு காசுக்கு ரெண்டு பேஸ்தானே?" என்று கேட்டிருக்கிறாய். இல்லை மாப்ளே. ஒரு பேஸ்தான் கிடைக்கும். அது பி பேஸ். ஜே அதற்குக் கறியில் உப்பு மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் வாங்குவதா செய்வதா, எந்த பிக்கப், எந்த ஒயரிங் என்ற குழப்பமெல்லாம் பாதி தீர்ந்துவிடும்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது சாதாரண ஒற்றைச் சுருள். நாம் பார்த்துப் பழகிய, இரண்டு துண்டாக விலகி நிற்கும் பி பிக்கப் 1957இல் வந்தது. ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு. மற்றது டி, ஜி கம்பிகளுக்கு. இரண்டுக்கும் சுற்றும் எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். அதனால் கம்பியின் நாதம் அப்படியே வரும், லைட்டிலிருந்தும் ஒயரிலிருந்தும் ஏறுகிற இரைச்சல் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு ஒற்றைச் சுருள். இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும்.

இப்போது பி-யையும் ஜே-யையும் ஒரே கட்டையில் வைத்துப் பார். பி தன் இரைச்சலைத் தானே பார்த்துக்கொள்ளும். ஜே-க்குத் துணை இல்லை. பி திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி, ஜே-யைத் திருகிய அளவுக்கு 'ம்ம்ம்' என்று இரையும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு இது பெரிய விஷயமில்லை, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் குறையும். நம் ஊர் மேடை உனக்குத் தெரியாததா! முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழாவில் தலைக்கு மேலே சீரியல் செட், பக்கவாட்டில் டிம்மர், பின்னால் ஜெனரேட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது உன்னைப் பார்த்துத்தான் இரையும்.

இன்னொரு வேடிக்கை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் பிடித்தால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். சும்மா விட்ட ஜி கம்பி 98. இரைச்சலின் அடுத்த படி 100. இரண்டும் உரசினால் நொடிக்கு இரண்டு தடவை அலையடிக்கும். பாடகர் ஜி-யில் சுருதி கேட்ட அன்று, பேஸ்காரன் சுருதி சேர்க்காமல் வந்துவிட்டான் என்று கீபோர்டுகாரர் முறைப்பார். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே எழுதுகிறவர்கள் இந்தத் தொல்லையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே என் முதல் நிபந்தனை: ஜே அளவிலேயே கிடைக்கும், இரைச்சல் அடக்கிய பிக்கப்பாகப் பார். வெளியே பார்த்தால் ஜே மாதிரியே இருக்கும். உள்ளே சுருளை இரண்டாகப் பிரித்தோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ சுற்றியிருப்பார்கள். அசல் ஜே-யின் அந்தக் கண்ணாடிச் சத்தம் துளி குறையும் என்று சுத்தபத்தமாகக் கேட்கிறவர்கள் சொல்வார்கள். குறையட்டுமே. தவிலும் பேண்டும் கலந்து அடிக்கும்போது அந்தத் துளியைத் தேடுகிறவர் யார்?

இரண்டையும் முழுசாகத் திறந்து வாசித்துப் பார்த்திருக்கிறாயா? தனியாக வீட்டில் கேட்டால் சொக்கிப்போவாய். கம்பி வந்து முடியும் பிரிட்ஜின் பக்கத்தில் நிற்கும் ஜே பிக்கப்புக்குக் கம்பியின் மேல்நாதங்கள்தான் அதிகம் கிடைக்கும், அடிநாதம் குறைவு, அங்கே கம்பி ஆடுவதே கொஞ்சம்தான். இரண்டு இடத்துச் சத்தமும் கலக்கும்போது நடுப்பகுதியில் சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவே குழி விழும். கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்த உடனே உன் பேஸ் எங்கே போனது என்று நீயே தேடுவாய். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை டீக்கடை ரேடியோவில்கூட நம்மால் முணுமுணுக்க முடிந்ததென்றால் அதற்குக் காரணம் இந்த நடுப்பகுதிதான். சின்ன ஸ்பீக்கரில் அடிநாதமெல்லாம் வராது. அதனால் பி-யை முழுசாக விட்டு ஜே-யைப் பாதிக்குக் கீழே வை. குழி நிரம்பும், விரல் அடிக்கும் ஓசைக்கு ஒரு விளிம்பும் கிடைக்கும்.

இதைச் செய்யத் தனித்தனி வால்யூம் வேண்டும். மூன்று நிலை ஸ்விட்ச் வைத்த பேஸை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாமென்று சொல். இரண்டு வால்யூம், ஒரு டோன், எல்லாம் 250 கே பாட் (குமிழ் வைத்துத் திருகும் மின்தடை), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், அவ்வளவுதான். பிக்கப் ஒயரை வால்யூம் பாட் நடுக்காலில் பற்றவைக்கச் சொல். ஓரக்காலில் வைத்தால் ஒன்றை மூடும்போது இரண்டும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஒன்பது வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் சமாச்சாரம் எனக்கு ஒத்துவராது. பேட்டரி எப்போதும் சாமி புறப்பாட்டு நேரத்தில்தான் சாகும்.

ஜே-க்குப் பதில் மியூசிக் மேன் மாதிரிப் பெரிய பிக்கப் போடலாமா என்று கேட்டாய். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் அந்த ஒற்றை பிக்கப்பை நம்பிப் பிறந்தது, அதுவும் ஆக்டிவ் சர்க்யூட்டோடு. அதை பி-க்குப் பக்கத்தில் வைத்தால் அது வீட்டுக்காரன், பி விருந்தாளி ஆகிவிடும். உனக்கு வேண்டாம்.

வாங்குவதென்றால் யமாஹா பிபி வரிசையில் பி-ஜே உண்டு, ஸ்குவயரிலும் உண்டு. ஒன்றை எடுத்து ஜே-யை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் உன் எழுத்தைப் பார்த்தால் செய்துதான் தீருவாய் போலிருக்கிறது.

அப்படியானால் கட்டையை மட்டும் இங்கே செய்வோம், நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, ரெடிமேடாக வாங்கு. 34 அங்குல ஸ்கேலுக்கு ஃப்ரெட் பள்ளம் அறுப்பதும் கழுத்து வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பியை உள்ளே புதைப்பதும் கதவு நிலை செய்கிறவர் கையில் கொடுக்கிற வேலையில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டு பர்மா தேக்குத் தூண் வாங்கிச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எடையை யோசித்தாயா? முழங்கால் சரியில்லாதவன் தோளில் தேக்குத் துண்டைத் தொங்கவிடுவானா? பழைய மரத்தில் ஆணி எங்கே ஒளிந்திருக்கும் என்றும் தெரியாது. இழைப்பு மெஷின் பிளேடு போனால் ஆசாரி நம்மை ஊரைவிட்டே துரத்துவார். தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு, ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. மின்சாரக் கிட்டாரில் மரம் சத்தத்தை எவ்வளவு மாற்றும் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், நான் தோளைக் கேட்டுத்தான் மரம் சொல்வேன்.

ஆசாரிக்கு வேறு யோசனை. "காரைக்குடி வீணைக்குப் பேர் போன ஊரு. வீணைக்குப் பலாதானே? இதுக்கும் பலாவே போடுங்க" என்கிறார். வீணை வித்வான்கள் காரைக்குடி சகோதரர்கள் பெயரைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். பலாவும் இறகு மாதிரி இருக்காதுதான். ஆனால் பிக்கப் குழி, பாட் குழி எல்லாம் எடுத்து, பின்பக்கம் இடுப்புக்குச் சரித்துவிட்டால் தாங்கும். நன்றாகக் காய்ந்த பலகை ஒன்றை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார், மஞ்சள் நிறம் கண்ணைப் பறிக்கிறது. குழிக்குள் தாமிரத் தகடு ஒட்டி கிரவுண்டோடு சேர்ப்பது என் வேலை.

ஒன்று மட்டும் கவனம். பி ஒரு கம்பெனி, ஜே ஒரு கம்பெனி என்று வாங்கினால் இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் திசை) ஒத்துப்போக வேண்டும். எதிராக அமைந்தால் தனித்தனியே பிரமாதமாகக் கேட்கும், சேர்த்துத் திறந்தால் சத்தம் சூம்பிப்போகும். பயப்படாதே, ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். பொதுவாக பி-யின் சத்தம் ஜே-யைவிடப் பெரிது, ஆகவே பி-யைக் கொஞ்சம் இறக்கி ஜே-யைக் கம்பிக்குப் பக்கமாக ஏற்றிச் சமன் செய்யலாம்.

ஜே குழி எங்கே வரவேண்டும் என்பதுதான் பாக்கி. அறுபதுகளின் ஜாஸ் பேஸில் பின் பிக்கப் சற்றே தள்ளி இருந்தது, எழுபதுகளில் பிரிட்ஜை இன்னும் நெருங்கியது. நெருங்கினால் கூர்மை, தள்ளினால் சதைப்பற்று. நான் அறுபதுகள் பக்கம். நீ கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற ஆசையில் இருந்தால் மறுபக்கம் சொல்வாய். வெட்டிய பிறகு நகர்த்த முடியாது.

ஜே வாங்கும்போது பிரிட்ஜ் பக்கத்துக்கானது என்று கேட்டு வாங்கு, அது நெக் பக்கத்ததைவிடக் கொஞ்சம் நீளம். படத்தைப் பார்த்து அளவு சொல்லாதே, பிக்கப்பையே கூரியரில் அனுப்பு. ஆசாரி சாமானைக் கையில் வைத்து அளந்தால்தான் உளியைத் தொடுவார். அவருக்கு அடுத்து ஒரு தேர் வேலை வந்திருக்கிறது. அதில் இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் ஆளைப் பிடிக்க முடியாது. ஆகவே அறுபதா எழுபதா என்பதை இந்த வாரத்துக்குள் போனில் சொல்லிவிடு, டாக்டரிடம் என்றைக்குத் தேதி வாங்கியிருக்கிறாய் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் மச்சான்